வெயிலுக்குப் பயந்த அப்பளம்

கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனி முதலாளி சிவசங்கரன் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். அவர் கொண்டுவந்த பெட்டிதான் வரவில்லை. அதைக் கீழே ஜெராக்ஸ் கடை வாசலில் இறக்கி வைத்து, பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொள்ளும்படி ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

குமரகுருபரன் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததில், எங்கேயாவது போய் வேலை பாருங்கள் என்று மனைவியே துரத்திவிட்டாள். பாளையங்கோட்டையில் பிருந்தா நடத்திய துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராக வந்து சேர்ந்தார். பிருந்தாவுக்கு வயது முப்பத்தைந்து. விலங்கியல் படித்துவிட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கேஸ் பிடிக்கும் வேலையில் ஏழு வருஷம் இருந்து, பிறகு சொந்தமாகப் போர்டு மாட்டியவள். அவள் குறைவாகத்தான் பேசுவாள். அவள் மிச்சம் வைத்ததையும் சேர்த்துக் குமரகுருபரன் பேசிவிடுவார்.

சிவசங்கரன் விஷயத்தைச் சொன்னார். முந்தாநாள் அவருடைய கம்பெனி லேபிள் ஒட்டிய பெட்டி ஒன்று பஸ் பார்சலில் கோயம்புத்தூருக்குப் போயிருக்கிறது. வாங்க வேண்டியவரைப் போனில் பிடிக்க முடியவில்லை என்று இன்றைக்குக் காலையில் திரும்பி வந்துவிட்டது. அப்படி ஒரு ஆர்டர் வந்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. தொழிலாளப் பெண்களுக்கு முன்னாலேயே பெட்டியைப் பிரித்தார். மேலே இரண்டு அடுக்கு அப்பளம். அதற்குக் கீழே தெர்மாகோல். அதற்கும் கீழே தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பை. அந்தத் தண்ணீருக்குள் பச்சையும் பழுப்புமாக, மடிப்பு மடிப்பாக, மனுஷ மூளை ஒன்று.

"செய்வினை" என்றார் சிவசங்கரன், குரலைத் தாழ்த்தி. "எங்க பெரியப்பா மகன் வைச்ச வேலை. வயல் கேஸ்ல தோத்துட்டான்லா, அந்த ஆத்திரம். பதினாலு பொம்பளையள்ல ஆறு பேரு, இனிமே வேலைக்கு வரமாட்டோம்னு வீட்டுக்குப் போயிட்டாவ. யாரு வச்சதுன்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

பிருந்தா எழுந்து கீழே இறங்கிப் போனாள். குமரகுருபரனும் பின்னாலேயே போனார். அவள் பெட்டியின் மூடியை அரை நிமிஷம் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினாள். அதற்கப்புறம் பெட்டியின் வெளிப்பக்கத்தை ஐந்து நிமிஷம் பார்த்தாள். லேபிள் அசல்தான். அதன்மேல் அகலமான ஒட்டு நாடா ஓடியிருந்தது. நாடாவுக்கு அடியில் தெரிந்த போன் நம்பர்மேல் விரல் நகத்தை வைத்து மெதுவாகச் சுரண்டிப் பார்த்தாள். நகத்தில் கொஞ்சம் நீல மை ஒட்டியது. அதைக் குமரகுருபரன் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

அவருக்கு விளங்கியது வேறொன்று. பெட்டியின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் 'வெயில் படாமல் வைக்கவும்' என்று எழுதியிருந்தது.

"மேடம், வெயில்ல காயாத அப்பளத்தை நான் இன்னைக்குத்தான் பாக்குதேன்" என்றார். "மீனு தண்ணியைக் கண்டு பயந்த மாதிரில்லா இருக்கு."

பிருந்தா முதல் தடவையாகச் சிரித்தாள். மேலே போய், இந்தப் பெட்டியைக் கட்டும் இடத்தில் கை வைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று சிவசங்கரனிடம் கேட்டாள். மூன்று பேர் என்றார். அவருடைய மருமகன் கணேஷ்ராம், ஆன்லைன் ஆர்டரும் அனுப்புகிற வேலையும் அவன் பொறுப்பு. பூதலிங்கம், இருபது வருஷமாக ஸ்டோர் பார்க்கிறவர். இன்பமணி, லேபிள் ஒட்டிப் பெட்டி கட்டுகிற பெண். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மூன்று பேரையும் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும்படி பிருந்தா சொன்னாள்.

"செய்வினையை எடுத்துருவோம். எங்க அண்ணாச்சிக்கு அந்த வித்தையும் தெரியும்."

அண்ணாச்சி என்று அவள் சொன்னது தன்னைத்தான் என்று குமரகுருபரனுக்குப் புரிய இரண்டு விநாடி பிடித்தது. அதற்குள் சிவசங்கரன் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டார்.

ஆட்டோ போன பிறகு பிருந்தா பெட்டியை உள்ளே தூக்கிவந்து, மின்விசிறிக்குக் கீழே வைத்தாள். அது மூளையும் இல்லை, கல்லும் இல்லை என்றாள். பவளம், உயிருள்ள பவளம். கடுகத்தனை உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்து, தாங்களே சுண்ணாம்பால் வீடு கட்டிக்கொண்டு வாழ்கின்றன. வருஷத்துக்கு ஒரு நகக்கண் அளவு வளர்ந்தாலே அதிகம். சின்னத் தேங்காய் அளவில் இருக்கிற இது வளர இருபது வருஷம் ஆகியிருக்கும். அந்த இருபது வருஷத்தை யாரோ உளியால் இரண்டு நிமிஷத்தில் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். பெரிய ஊர்களில் வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டிக்கு இதை வாங்க ஆள் இருக்கிறது.

"போலீஸ் பிடிச்சா?"

"புலிக்கு என்ன சட்டமோ, இதுக்கும் அதே சட்டம் அண்ணாச்சி."

குமரகுருபரன் பெட்டியைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். புலி உறுமினால் தள்ளி நிற்கலாம், இது உறுமவும் மாட்டேங்குதே என்றார். சிவசங்கரனிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்றும் கேட்டார். லேபிள் அவருடையது, அதனால் அவரும் சந்தேகக் கணக்கில்தான் இருக்கிறார் என்றாள் பிருந்தா. அதைவிட அவசரம் ஒன்று இருந்தது. பைக்குள் இருக்கிற தண்ணீர் இரண்டு நாள் பழசு. வண்ணார்பேட்டையில் கலர் மீன் கடை ஒன்று இருக்கிறது, கடல் மீனுக்கு அவர்களே உப்புத் தண்ணீர் கலந்து வைத்திருப்பார்கள், இரண்டு கேன் வாங்கி வாருங்கள் என்று அவரை ஸ்கூட்டரில் விரட்டினாள்.

பதினோரு மணிக்கு இருவரும் குமரகுருபரனின் பழைய மாருதியில் கிளம்பினார்கள். பின்சீட்டில் பெட்டியும், கேன்களும், இரண்டு பிளாஸ்டிக் வாளிகளும். சேரன்மகாதேவி தாண்டி வயலும் வாழையும் வருகிறவரை பிருந்தா வண்டியை ஓட்டியபடி திட்டத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். குமரகுருபரன் கண்ணாடியில் பார்த்து நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டார். மந்திரத்துக்கு எங்கே போவது என்று கேட்டார். உதடு அசைந்தால் போதும், நிறுத்தாமல் எதையாவது சொல்லுங்கள் என்றாள். அது தனக்குக் கைவந்த கலை என்று அவர் ஒத்துக்கொண்டார்.

கம்பெனி ஆற்றங்கரையை ஒட்டி இருந்தது. முற்றத்தில் பாயில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. இன்பமணி தவிர மிச்சமிருந்த பெண்கள் வாசலுக்கு வெளியிலேயே நின்று எட்டிப் பார்த்தார்கள். உள்ளே மூவரும் வரிசையாக நின்றார்கள். பூதலிங்கத்தின் முகத்தில் பயம். கணேஷ்ராம் முப்பது வயதுக்காரன், இஸ்திரி கலையாத சட்டை. இதெல்லாம் நம்பிக்கையில்லை, மாமாவுக்காக நிற்கிறேன் என்பதுபோல மெல்லிய சிரிப்பு. இன்பமணி தலையைக் குனிந்திருந்தாள். அவள் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

குமரகுருபரன் கண்ணை மூடினார். முப்பத்தோரு வருஷம் வாயில் புரண்டது தானாக வந்தது. "படிவம் இருபத்தொன்பது, படிவம் முப்பது, ஆட்சேபணையில்லாச் சான்று, புகைச் சான்று, காப்பீட்டு நகல், முகவரிச் சான்று" என்று ஒரே ராகத்தில் முனகத் தொடங்கினார். சிவசங்கரன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒரு வாளியில் பவளம் இருந்தது. பக்கத்திலிருந்த இன்னொரு வாளியிலும் அதே உப்புத் தண்ணீர்தான். மூன்று பேரும் ஒவ்வொருவராக அந்தப் பொருளை எடுத்து வாளி மாற்றி வைக்க வேண்டும், செய்யாதவர் கை சுடாது என்று பிருந்தா அறிவித்தாள்.

முதலில் பூதலிங்கம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தேங்காயைப் பிடிக்கிற மாதிரி ஐந்து விரலையும் விரித்து மேலிருந்து கையை இறக்கினார். அந்தக் கை தண்ணீரைத் தொடுவதற்குள் குமரகுருபரன், "நிராகரிக்கப்பட்டது" என்று ஓங்கிச் சொன்னார். பூதலிங்கம் பதறிக் கையை இழுத்துக்கொண்டார். நீர் சுத்தமான ஆள், தள்ளி நில்லும் என்று அவரைப் பையப் பின்னுக்கு நகர்த்தினார்கள். அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அடுத்து கணேஷ்ராம். சிரித்துக்கொண்டே குனிந்தான். இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு, சதையுள்ள மேல்பாகத்தில் விரல் படாமல், அடிப்பாறையைப் பிடித்து, சொட்டச் சொட்டத் தூக்கி அடுத்த வாளியில் சத்தமில்லாமல் இறக்கினான். கை சுடவில்லை என்று மாமனாரிடம் காட்டினான்.

இன்பமணியும் அடியைப் பிடித்துத்தான் எடுத்தாள். குழந்தையைத் தூளியில் போடுகிற மாதிரிதான் வைத்தாள். குமரகுருபரனுக்குப் படிவ எண் தவறிவிட்டது. பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார் என்று அவர் நினைத்திருந்தார். இங்கே இரண்டு பேர்.

பிருந்தா முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. கடைசியாக ஒன்று பாக்கி இருக்கிறது என்றாள். பாவம் கழுவ தாமிரபரணித் தண்ணீர் போல வராது. ஒரு குடம் எடுத்து இதன்மேல் ஊற்றிவிட்டால் முடிந்தது. பூதலிங்கம் ஓடிப்போய்ப் படித்துறையிலிருந்து குடம் நிறைய மொண்டு வந்தார். இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எவனும் அதில் குறை சொல்லமாட்டான். சிவசங்கரன் பக்தியோடு ஒதுங்கி வழிவிட்டார். கணேஷ்ராம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிருந்தா குடத்தை வாங்கிச் சாய்த்தாள். விளிம்பில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஊத்தாதிய" என்றாள் இன்பமணி. முன்னால் வந்து, வாளியின் மேல் இரண்டு கையையும் விரித்துவிட்டாள். "நல்ல தண்ணி பட்டா அது செத்துப் போவும்மா."

வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே மூச்சில் பேசத் தொடங்கினார்கள். குமரகுருபரன் மந்திரத்தை நிறுத்தி, பிருந்தாவைப் பார்த்து, ஆள் மாட்டியாச்சு என்று புருவத்தை உயர்த்தினார். சிவசங்கரனுக்குக் கோபம் வந்தது. சோறு போட்ட வீட்டுக்கா இப்படிச் செய்தாய் என்று அவளைக் கேட்டார். அவள் வாளிமேலிருந்து கையை எடுக்கவில்லை.

பிருந்தா குடத்தைக் கீழே வைத்தாள். வாசல் கதவைச் சாத்தினாள்.

"பெட்டியை அனுப்பினது இவ இல்லை. திரும்பி வரவச்சதுதான் இவ" என்றாள்.

பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்துக் காட்டினாள். லேபிளில் அச்சடித்த போன் நம்பரின் கடைசி எண் ஒன்று. அதைப் பேனாவால் ஏழாக்கியிருந்தார்கள். மை நாடாவுக்கு அடியில் இல்லை, நாடாவின் மேலே இருந்தது. ஆகவே பெட்டியை ஒட்டி முடித்தபிறகு, பஸ்ஸுக்குப் போவதற்குள் யாரோ மாற்றியிருக்கிறார்கள். கடத்துகிறவன் தன் சரக்கு போய்ச் சேராமல் இருக்க ஏன் நம்பரைக் கெடுக்கிறான்? நம்பர் தப்பானால் பார்சல் லேபிளில் இருக்கிற முதலாளி பேருக்குத்தான் திரும்பி வரும். முதலாளி கையால் பிரிபட வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருத்தி செய்த வேலை அது.

இன்பமணி அப்போதுதான் நிமிர்ந்தாள். சொல்லும்மா என்று பிருந்தா சொன்ன பிறகு பேசினாள். அவளுக்கு ஊர் வேம்பார்ப் பக்கம், கடற்கரை. அப்பா சங்கு குளித்தவர். கடலுக்கடியில் இருக்கிற இந்தப் பவளத் திட்டை அவர்கள் பார் என்று சொல்வார்கள். சுண்ணாம்புக்காக முன்னொரு காலத்தில் பாரை வெட்டி வெட்டி, தூத்துக்குடிப் பக்கம் இரண்டு தீவே தண்ணீருக்குள் போய்விட்டது என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாள். பெட்டி கட்டும்போது ஒருநாள் அப்பளத்துக்குக் கனம் ஜாஸ்தியாக இருக்கிறதே என்று மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உடனே தெரிந்துவிட்டது. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் இந்த வீட்டு மருமகனுக்கு எதிரில் லேபிள் ஒட்டுகிறவள் பேச்சு எடுபடுமா?

"மொதலாளி பிரிச்சுப் பாத்தா போலீசுக்குச் சொல்லுவாவன்னு நெனைச்சேன்" என்றாள். "மந்திரவாதியைத் தேடிப் போவாவன்னு நான் கண்டனா."

மருமகன் என்ற வார்த்தை சிவசங்கரன் காதில் அப்போதுதான் இறங்கியது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"இது என்னன்னு தெரியாதவர் மேலே பிடிக்கப் போனார்" என்றாள் பிருந்தா. "தெரிஞ்சவங்க ரெண்டு பேரு அடியைப் பிடிச்சாங்க. நல்ல தண்ணி ஊத்தப் போனப்ப ஒருத்தி வேலை போனாலும் போகுதுன்னு வாயைத் திறந்தா. இன்னொருத்தர் அது சாகட்டும்னு ஜன்னலைப் பாத்துக்கிட்டு நின்னார்."

கணேஷ்ராம் சிரிப்பதற்கு முயன்றான். ஏதோ வீடியோவில் பார்த்தேன் என்றான். சிவசங்கரன் கையை நீட்டினார். மாடியிலிருந்த ஆன்லைன் அறையின் சாவியைக் கேட்டார். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று சொல்லி ஒரு வருஷமாக அந்த அறைக்குள் யாரையும் விடாமல், நாள் முழுக்க ஏசியும் ஓடிக்கொண்டிருந்ததை அவர் இப்போது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். சாவி வரக் கொஞ்ச நேரமாயிற்று.

குமரகுருபரன் அவருக்குப் பின்னால் ஏறினார். உள்ளே கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்ற இடமெல்லாம் கண்ணாடித் தொட்டி. நீல வெளிச்சத்தில், குமிழி விட்டுக்கொண்டிருந்த தண்ணீருக்குள் பத்துப் பவளம், ஒவ்வொன்றும் ஒரு விதம்: மான்கொம்பு மாதிரி, காளான் மாதிரி, மூளை மாதிரி. ஒரு மூலையில் கம்பெனி லேபிள் கட்டுக்கட்டாக இருந்தது. என்ன சொல்லிச் சிரிக்கலாம் என்று குமரகுருபரன் யோசித்துப் பார்த்தார். அந்தப் பவளங்கள் அவ்வளவு அழகாக இருந்தன, ஒன்றும் தோன்றவில்லை.

கணேஷ்ராம் வாசலில் நின்று பேசினான். கடலில் இது கோடிக்கணக்கில் கிடக்கிறது என்றான். கோடிக்கணக்கில் கிடந்தது என்று பிருந்தா திருத்தினாள். கடல் சூடேறி, பாதிக்குமேல் வெளுத்துச் செத்துவிட்டது. அந்தச் சூட்டையும் தாங்கிப் பிழைத்து நிறம் மாறாமல் நிற்பதுதான் தொட்டிக்கு அழகு, அதனால் பிழைத்ததாகப் பார்த்துத்தான் வெட்டுகிறார்கள் என்றாள்.

அவன் அவளை விட்டுவிட்டு மாமனாரிடம் வந்தான். "மாமா, இவியளை அனுப்பிருங்க. எல்லாத்தையும் சாக்குல கட்டி ஆத்துல போட்டுட்டா விஷயம் முடிஞ்சுது. சுகிர்தாவை நெனைச்சுப் பாருங்க."

சுகிர்தா சிவசங்கரனின் ஒரே மகள். தென்காசியில் பள்ளிக்கூட ஆசிரியை; அந்த நேரம் வகுப்பில் இருப்பாள். சிவசங்கரன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். புகார் கொடுத்தால் தன் கம்பெனிக்கு என்ன ஆகும் என்று பிருந்தாவிடம் கேட்டார். விசாரணை முடிகிறவரை பூட்டினாலும் பூட்டுவார்கள், பேப்பரில் பேர் வரும் என்று அவள் மறைக்காமல் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் படியில் நின்ற இன்பமணியைக் கூப்பிட்டார்.

"ஆத்துல போட்டா பொழைக்குமா?"

"பொழைக்காது மொதலாளி."

அவர் போனை எடுத்தார். வனத்துறை நம்பர் தெரியுமா என்று கேட்டார். கணேஷ்ராம் அப்படியே கதவில் சாய்ந்தான்.

ஒன்றரை மணிக்கு ஜீப் வந்தது. வனச்சரக அலுவலர் ஃபஹ்மிதா, தூத்துக்குடியிலிருந்து கடல் ஆராய்ச்சிக்காரர்கள் பெரிய ஐஸ் பெட்டிகளோடு கிளம்பிவிட்டதாகச் சொன்னார். எல்லாம் பிழைக்கும் என்று சொல்ல முடியாது, பிழைத்ததைத் திரும்பப் பாரிலேயே கட்டி வைத்து வளர்த்துப் பார்ப்பார்களாம். வெட்டிக் கொடுத்தவன் பேர் கணேஷ்ராமின் போனில் இருந்தது. அவனைப் பிடிக்க ஆள் போய்விட்டது. ஃபஹ்மிதா உட்கார்ந்து அறிக்கை எழுதினார். உயிரினத்தின் எண்ணிக்கை பதினொன்று என்று நிரப்பியவர், அடுத்த கட்டத்தில் ஆணா பெண்ணா என்று கேட்டிருக்கிறதே என்று பேனாவை நிறுத்தினார்.

"'விவரம் பின்னர் இணைக்கப்படும்'னு எழுதுங்கம்மா" என்றார் குமரகுருபரன். "முப்பத்தோரு வருஷத்துல அதை ஒருத்தரும் திருப்பி அனுப்பினதில்லை."

ஃபஹ்மிதா அப்படியே எழுதினார். பிறகு தகவல் கொடுத்தவர் பேர் என்ன என்று கேட்டார். பிருந்தா இன்பமணியைப் பார்த்தாள். இன்பமணி கீழே பார்த்தாள். ஜீப்பில் உட்கார்ந்திருந்த கணேஷ்ராம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் பேரை எழுதுங்க" என்றார் சிவசங்கரன். "பெட்டி என் பேருக்குத்தான் வந்துது. பிரிச்சது நான். சொல்லுதது நான்."

கையெழுத்துப் போடும்போது பேனா ஒரு இடத்தில் நின்றது, பிறகு ஓடியது. அவர் போன் அடித்தது. திரையைப் பார்த்தவர், எழுந்து, அப்பளப் பாய்களுக்கு நடுவில் நடந்து, ஆற்றுப்பக்கச் சுவர்வரை போனார். பாயில் எதையும் மிதிக்காமல் பார்த்துப் பார்த்துத்தான் நடந்தார்.

"சுகிர்தா, அப்பா பேசுதேன்" என்று அவர் சொன்னது இவர்களுக்குக் கேட்டது. "வகுப்புல இருந்தா வெளியே வா. வந்து உக்காந்துக்கோ. சொல்லுதேன்."